விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றும் கலந்த சிறு அலுவலகத்தை ஒரே நெட்வொர்க்கில் சேர்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அலுவலகத்தில் 9 கணினிகள். 5 விண்டோஸ் (அதில் ஒன்று இன்னும் விண்டோஸ் 7), டிசைன் வேலைக்கு 2 மேக், மென்பொருள் எழுதுபவர்களிடம் 2 உபுண்டு. யூஎஸ்பி மட்டுமே உள்ள கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் ஒன்று, பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, கணக்குக்கு டேலி. இவற்றை "ஒரே நெட்வொர்க் ஆக்க" என்ன மென்பொருள் வாங்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் விண்டோஸாக மாற்றிவிடலாமா என்பது கேள்வி. 9 கணினியிலும் இணையம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நெட்வொர்க் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது வேறு: எல்லோரும் ஒரே இடத்தில் கோப்புகளைத் திறந்து சேமிக்க வேண்டும், எந்தக் கணினியிலிருந்தும் அச்சடிக்க வேண்டும், மேக்கிலும் உபுண்டுவிலும் இருப்பவர்கள் டேலியைப் பார்க்க வேண்டும். இதற்காக மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம், யாருடைய கணினியையும் மாற்றவும் வேண்டாம்.

இந்த மாதிரி அலுவலகங்களில் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்கிறார்கள். ஒன்பது பேர், ஒன்பது ஷேர், ஒன்பது விதமான பாஸ்வேர்டு. ஒருவர் விடுப்பில் போனால் அவர் கோப்புகளும் விடுப்பில் போய்விடும். எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டியதில்லை, எல்லோரும் நடுவில் உள்ள ஒன்றோடு பேசினால் போதும். அந்த நடு மெஷின் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியாக (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான கோப்புச் சேமிப்புப் பெட்டி) இருக்கலாம். அல்லது சும்மா கிடக்கும் டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் அல்லது உபுண்டு சர்வர் (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போட்டு, அதில் சம்பா நிறுவலாம். 9 பேருக்கு 4 ஜிபி ரேம் போதும், 8 இருந்தால் தாராளம். சம்பா, லினக்ஸ் கணினியின் ஃபோல்டர்களை விண்டோஸுக்கும் மேக்குக்கும் பகிரும் இலவச மென்பொருள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-இல் தொடங்கியது. கடையில் விற்கும் சினாலஜி, கியூநாப் பெட்டிகளுக்குள்ளும் ஓடுவது சம்பாதான். லினக்ஸ் தெரிந்த இருவர் அலுவலகத்திலேயே இருப்பதால் உங்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆனால் அந்த இருவரும் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பது என்று யோசியுங்கள். பதில் இல்லை என்றால் நாஸ் பெட்டியே நல்லது.

மென்பொருளுக்குப் போகும் முன் கேபிளையும் ரௌட்டரையும் பாருங்கள். நம்மூர் அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கும் தவறு: இணையம் கொடுத்தவர் வைத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரௌட்டர், வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிப் பின்னால் மாட்டியது இன்னொரு ரௌட்டர். முதல் பெட்டியில் உள்ளவை 192.168.1 என்று தொடங்கும் எண் வாங்குகின்றன, இரண்டாவதில் உள்ளவை 192.168.0 என்று வாங்குகின்றன. இரண்டு பக்கமும் இணையம் வரும், ஆனால் ஒரு பக்கத்துப் பிரிண்டர் மறுபக்கத்துக்குத் தெரியாது. இரண்டாவது ரௌட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு (தானே எண் வழங்காமல் வைஃபையை மட்டும் நீட்டும் முறை) மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதன் டிஎச்சிபி-யை (எண் வழங்கும் வசதி) அணைத்து, அதற்கு முதல் ரௌட்டரின் வரிசையிலேயே ஓர் எண் கொடுத்து, கேபிளை வான் துளையிலிருந்து (இணையம் வரும் துளை) லேன் துளைக்கு (கணினிகள் மாட்டும் துளை) மாற்றினால் தீர்ந்தது. அலுவலகக் கணினிகள் கெஸ்ட் வைஃபையில் இருக்கக் கூடாது. கெஸ்ட் வைஃபை ஒரு கணினி இன்னொன்றைப் பார்க்க விடாது. நடு மெஷினான சர்வருக்கும் மேக்குகளுக்கும் கேபிளே போடுங்கள். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். நொடிக்கு 110 எம்பி அளவில் போனால் கிகாபிட் சரியாக இருக்கிறது. 11 எம்பியில் நின்றால் எங்கோ இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. கேபிளில் நான்கு ஜோடியில் ஒன்று சரியாக க்ரிம்ப் ஆகாமல் இருக்கும், அல்லது நடுவில் ஒரு பழைய சுவிட்ச் இருக்கும். சர்வருக்கு ரௌட்டரிலேயே மாறாத ஐபி எண் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து நெறிமுறை, அதாவது கோப்புகளைப் பகிரக் கணினிகள் பேசிக்கொள்ளும் மொழி. மூன்று இயங்குதளத்துக்கும் எஸ்எம்பி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் சொந்த மொழி அது. ஆப்பிளும் 2013-இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்பிலிருந்து அதையே முதன்மையாக்கிவிட்டது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அதில் இணைவதற்கான கிளையன்ட் உண்டு. லினக்ஸ்காரர்கள் தங்களுக்குப் பழகிய என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறையைக் கேட்பார்கள். வேகமானது, எளிமையானது என்பதெல்லாம் உண்மை. ஆனால் வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் ஆளை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, எண்ணால். மேக்கில் முதல் பயனரின் எண் 501, உபுண்டுவில் 1000. இரண்டு உபுண்டு கணினியிலும் இருவேறு ஆட்கள் 1000 என்ற ஒரே எண்ணில் இருப்பார்கள், சர்வருக்கு இருவரும் ஒருவரே. அதோடு, ஒரே ஃபோல்டரை எஸ்எம்பி வழியாகச் சிலரும் என்எஃப்எஸ் வழியாகச் சிலரும் திறந்தால் கோப்புப் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

எஸ்எம்பியிலும் முதல் பதிப்பு வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. சம்பாவும் 4.11-இல் அதை அணைத்தே அனுப்புகிறது. உங்கள் விண்டோஸ் 7 இரண்டாம் பதிப்பில் பேசும், ஆகவே அதற்காக எதையும் தளர்த்த வேண்டாம். ஒன்று மட்டும்: சர்வரில் குறியாக்கத்தை (வழியில் யாரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றி அனுப்புவது) கட்டாயமாக்கினால் விண்டோஸ் 7 வெளியே நின்றுவிடும், ஏனென்றால் குறியாக்கம் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அந்தக் கணினிக்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மாற்றும் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். உண்மையான தலைவலி ஜெராக்ஸ் மெஷின். பழைய மெஷின்களின் "ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பு" வசதிக்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியும். சர்வீஸ் ஆள் வந்து "எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க சார், வேலை செய்யும்" என்பார். செய்யாதீர்கள். அந்த மெஷினில் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய முறை) இருக்கும். ஸ்கேனுக்கென்று தனி ஃபோல்டர், அதில் மட்டும் எழுதக்கூடிய ஒரு பயனர் என்று வைத்து எஃப்டிபியில் அனுப்பச் செய்யுங்கள்.

சர்வரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. "பாஸ்வேர்டே இல்லாமல் எல்லோருக்கும் திறந்து வைக்கலாமே" என்பது இனி நடக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோவிலும் விருந்தினர் இணைப்பை இயல்பாக மறுக்கிறது, ஒப்பமிடப்பட்ட (வழியில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கப்படும்) இணைப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது. அப்டேட் ஆன மறுநாள் "நாஸ் காணவில்லை" என்று பலர் தவிப்பதற்குக் காரணம் இதுதான். விண்டோஸின் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது தீர்வாகாது. சர்வரில் பயனரை உருவாக்குவதே தீர்வு. விண்டோஸ் கணினி எதையாவது ஷேர் செய்ய நேர்ந்தால், அங்கே பின் எண் எடுபடாது, அந்தக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். தினமும் பின் போட்டே உள்ளே போகிறவர்கள் பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். இன்னொன்று: ஒரே விண்டோஸ் கணினியிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு வேறு பெயர்களில் ஒரே நேரத்தில் நுழைய முடியாது. பழைய பெயரைக் கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் இடம்) அழித்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

சம்பாவை நீங்களே அமைத்தால் மேக்குக்காக ஃப்ரூட் என்ற மாட்யூலையும், அதோடு ஸ்ட்ரீம்ஸ் எக்ஸாட்டர் என்பதையும் எல்லா ஷேருக்கும் பொதுப் பகுதியிலேயே போடுங்கள். ஒரு ஷேருக்குப் போட்டு இன்னொன்றுக்கு விட்டால் குழப்பம். இது இல்லாவிட்டால் மேக்கில் சேமிக்கும் கோப்புகளுக்குப் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் நிழல் கோப்புகள் குவியும், விண்டோஸ்காரர்கள் அவற்றைக் குப்பை என்று அழிப்பார்கள். நாஸ் பெட்டிகளில் இது ஒரு டிக் போடும் வேலைதான். உரிமைகளுக்கு, பிரிவுவாரியாகக் குழு அமைத்து, ஃபோல்டருக்கு 2770, கோப்புக்கு 0660 என்ற லினக்ஸ் உரிமை எண்களைக் (உரிமையாளருக்கும் குழுவுக்கும் மட்டும் அனுமதி) கட்டாயப்படுத்துங்கள். முதலில் உள்ள அந்த 2 முக்கியம். புதிதாக உருவாகும் எதுவும் உருவாக்கியவரின் குழுவுக்குப் போகாமல், ஃபோல்டரின் குழுவிலேயே இருக்கும். உபுண்டுவில் நிரந்தரமாக இணைக்கச் சிஃப்ஸ்-யூட்டில்ஸ் என்ற நிரலை நிறுவி, எஃப்ஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது எவற்றை இணைப்பது என்ற பட்டியல்) வரி சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டை அந்த வரியில் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து அதற்கு 600 உரிமை (உரிமையாளருக்கு மட்டும்) கொடுங்கள். நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சர்வர் அணைந்திருக்கும் நாளில் அந்த லினக்ஸ் கணினி பூட் ஆகும்போது அங்கேயே தடுமாறி நிற்கும். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி முகவரி கொடுத்தால் போதும்.

இப்போது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு விஷயம்: தமிழ்க் கோப்புப் பெயர்கள். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் லினக்ஸ் கோப்புப் பெயரில் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள்தான். "ஒப்பந்தப்புள்ளி" என்ற ஒரே சொல் 15 குறியீடு, 45 பைட். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடு. விண்டோஸ் தன் சொந்த டிஸ்கில் 255 குறியீடு வரை விடும். ஆகவே "நகராட்சி ஒப்பந்தப்புள்ளி திருத்தியது இறுதி..." என்று நீண்டுகொண்டே போகும் பெயருள்ள கோப்பு, விண்டோஸ் கணினியில் நன்றாக இருந்துவிட்டு, சர்வருக்கு நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்று நின்றுவிடும். சினாலஜியில் குறியாக்கம் செய்த பகிர்வு ஃபோல்டராக இருந்தால் வரம்பு இன்னும் குறுகி 143 பைட், 47 தமிழ்க் குறியீடு. பெயரை 40 குறியீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். தேதியையும் எண்ணையும் பெயரில் போட்டு, விளக்கத்தை ஃபோல்டர் பெயருக்குக் கொண்டுபோனால் இது முடியும்.

இதைவிட நுட்பமானது கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள். "கொள்முதல்" என்பதில் உள்ள "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என 2 குறியீடாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என 3 குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்தே சேமிக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். லினக்ஸோ இரண்டையும் இரண்டு வேறு பெயர்களாகவே பார்க்கும். விளைவு, ஒரே ஃபோல்டரில் "கொள்முதல்" என்ற பெயரில் இரண்டு கோப்பு, உள்ளே வேறுவேறு உள்ளடக்கம். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. மேக்கிலிருந்து எஸ்எம்பி வழியாக நேராகச் சேமிக்கும்போது இது பெரும்பாலும் வராது. பழைய மேக் டிஸ்கிலிருந்து ஆர்சிங்க் என்ற கருவியால் நகலெடுக்கும்போதும், மேக்கில் செய்த ஜிப்பை லினக்ஸில் பிரிக்கும்போதும் வரும். பழைய கோப்புகளைச் சர்வருக்கு மொத்தமாக ஏற்றிய பிறகு, லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியால் எல்லாப் பெயரையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கருவி இயல்பாக ஒத்திகை மட்டுமே பார்க்கும், எதையும் மாற்றாது. பட்டியலைப் படித்துத் திருப்தியான பிறகு நோடெஸ்ட் என்ற தேர்வைச் சேர்த்து ஓட்டினால்தான் மாற்றும்.

பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம் கூடாது என்பதை மேக்காரர்களுக்குச் சொல்லிவையுங்கள். மேக் ஏற்கும், விண்டோஸ் திறக்காது. ஃபான்ட் விஷயமும் இதோடு சேர்ந்ததே. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த ஆவணம், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இது நெட்வொர்க் கோளாறு அல்ல. யூனிகோடிலேயே அடித்தாலும் விண்டோஸின் லதா உபுண்டுவில் இருக்காது, வேறு ஃபான்ட் அந்த இடத்தை எடுக்க வரிகள் நகர்ந்து பக்கம் கூடும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், மூன்றிலும் நிறுவி அதையே அலுவலக ஃபான்டாக வையுங்கள்.

பெயர் என்றதும் கணினிப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் "நெட்வொர்க்" பக்கத்தில் சர்வர் தெரியவில்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பட்டியல் முன்பு எஸ்எம்பி முதல் பதிப்பை நம்பியிருந்தது, இப்போது வேறு முறையில் தேடுகிறது. லினக்ஸ் சர்வரில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலை நிறுவினால் தெரியும். மேக்கில் தெரிவதற்கு அவாஹி என்ற நிரல் வேண்டும். இரண்டுமே வசதிக்குத்தான். டிரைவ் எழுத்தை ஐபி எண்ணோடு நேராக மேப் செய்துவிட்டால் பட்டியலே தேவையில்லை. உள்ளூர் டொமைன் பெயர் வைக்கும் எண்ணம் இருந்தால் லோக்கல் என்று முடியும் பெயர் மட்டும் வேண்டாம். அந்த முடிவை மேக்கும் உபுண்டுவும் டிஎன்எஸ் சர்வரிடம் (பெயருக்குரிய ஐபி எண்ணைச் சொல்வது) கேட்காமல் நெட்வொர்க்கில் கூவிக் கேட்கும், பதில் வர நேரமாகும், சில நேரம் வராது.

பிரிண்டரில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. எல்பிபி 2900 உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கேனானின் கேப்ட் என்ற தனி மொழி மட்டுமே பேசும், பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினியின் டிரைவர்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் கணினியில் மாட்டி ஷேர் செய்தாலும், மேக்கிலும் உபுண்டுவிலும் அதற்கான டிரைவர் இருந்தால்தான் பலன். அதோடு மல்லுக்கட்டும் நேரத்தைப் பணமாக்கினால் புதுப் பிரிண்டரே மலிவு. பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்ட, லேன் துளை உள்ள எந்த லேசர் பிரிண்டரும் மேக்கில் டிரைவர் இல்லாமல் வேலை செய்யும், உபுண்டுவின் அச்சு நிரலான கப்ஸும் அதே வழியில் அச்சடிக்கும். விண்டோஸுக்கு அந்த நிறுவனத்தின் டிரைவரைப் போடலாம். பழையதைக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

டேலி விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் நிரல்களை ஓட்டும் ஒயின் என்ற கருவி வழியாக லினக்ஸில் ஓட்டிக் காட்டும் காணொளிகள் உண்டு, ஆனால் லைசென்ஸும் கணக்கும் இருக்கும் மென்பொருளை அப்படி வைக்க நான் சொல்ல மாட்டேன். டேலித் தரவையும் சம்பா சர்வருக்குக் கொண்டுபோகாதீர்கள். டேலி ஓடும் விண்டோஸ் கணினியிலேயே இருக்கட்டும், தினமும் அதன் பேக்கப் மட்டும் சர்வருக்கு வரட்டும். மேக்கிலிருந்து "விண்டோஸ் ஆப்" என்ற செயலி, உபுண்டுவிலிருந்து ரெமினா கொண்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் (இன்னொரு கணினியின் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி) நுழையலாம். நுழையப்படும் கணினி ப்ரோ பதிப்பாக இருக்க வேண்டும், ஹோம் ஏற்காது. ப்ரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் பலர் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு லைசென்ஸும் ஆகும். அந்த வரம்பை உடைக்கும் சின்ன நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை உரிம மீறல், அடுத்த அப்டேட்டில் உடையவும் செய்யும். அறிக்கை பார்த்தால் மட்டும் போதும் என்றால் டேலியின் சந்தாவோடு வரும் பிரௌசர் வசதியே போதலாம், உங்கள் டேலி விற்பனையாளரிடம் கேளுங்கள்.

ஆக்டிவ் டைரக்டரி (எல்லாக் கணினிகளின் பயனர்களையும் ஒரே இடத்தில், ஒரே டொமைனாக, நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) வேண்டுமா என்பது இதுவரை சொன்ன அளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயமல்ல. 9 கணினிக்குத் தேவையில்லை என்பது என் மதிப்பீடு. 20-ஐத் தாண்டி, ஆட்கள் இடம் மாறி உட்காரத் தொடங்கினால் மறுபடி யோசிக்கலாம். அப்போதும் மேக்குகளை டொமைனில் கட்டுவது பாஸ்வேர்டு மாற்றும் நாளெல்லாம் தொல்லை தரும் வேலை. விண்டோஸ் ஹோம் கணினிகள் சேரவே முடியாது. உங்களிடம் எத்தனை ஹோம், எத்தனை ப்ரோ என்று எழுதவில்லை, அதைப் பொறுத்துச் செலவு நிறைய மாறும். அதேபோல், லிப்ரே ஆபீஸும் எக்செலும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பது ஷேரை மவுண்ட் செய்த (இணைத்த) விதத்தையும் பதிப்பையும் பொறுத்தது. உபுண்டுவில் ஒருவர் திறந்து வைத்திருக்க விண்டோஸில் இன்னொருவர் திறந்து பாருங்கள். "படிக்க மட்டும்" என்ற செய்தி வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கோப்புகளை ஒரு பிரிவுக்குள்ளேயே வையுங்கள்.

சர்வரில் இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று நகலாக இருப்பது டிஸ்க் பழுதுக்கு மட்டுமே காப்பு. ஒரு விண்டோஸ் கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால் அது மேப் செய்த டிரைவ் முழுவதையும் பூட்டும், இரண்டு டிஸ்கிலும் பூட்டிய கோப்பே இருக்கும். ஸ்னாப்ஷாட் வசதியை (கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் மேல் மணிக்கொருமுறை ஓட விடுங்கள். வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் மூன்று இயங்குதளமும் எழுதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையை மேக் படிக்க மட்டும் செய்யும். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சு வந்தால் ரௌட்டரில் 445 (எஸ்எம்பி), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) இரண்டு போர்ட்டையும் வெளியே திறந்துவிடாதீர்கள், யார் கேட்டாலும். வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) போடுங்கள், மூன்றிலும் ஓடும்.

அமைத்த பிறகு ஏதாவது ஒரு கணினி மட்டும் சேரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். அதன் ஐபி எண்ணின் முதல் மூன்று பகுதி சர்வருடையதோடு ஒத்திருக்கிறதா? சர்வருக்குப் பிங் போகிறதா (பிங் கட்டளைக்குப் பதில் வருகிறதா)? போகிறது என்றால் 445 போர்ட் திறந்திருக்கிறதா? பூட்டியிருந்தால் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். ஷேர் விண்டோஸ் கணினியில் இருந்தால் அதன் நெட்வொர்க் "பப்ளிக்" என்று இருக்கும், "பிரைவேட்" ஆக்குங்கள். போர்ட் திறந்தும் உள்ளே விடவில்லை என்றால் பெயர், பாஸ்வேர்டு, நேரம் மூன்றையும் பாருங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் மாறி மாறிப் பூட் செய்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறும், ஒன்று மதர்போர்டில் உள்ளூர் நேரத்தையும் மற்றது உலகப் பொது நேரத்தையும் எதிர்பார்ப்பதால். இதற்குப் பிறகும் நின்றால், எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, திரையில் வரும் பிழைச் செய்தி வார்த்தை மாறாமல் என்ன என்ற இரண்டையும் எழுதுங்கள், பார்க்கலாம்.